கலெக்டர்: ஒரு சொல்லின் வரலாறு

கலெக்டர் என்பது இலத்தீன் வேரிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியோடு தமிழ்நாட்டில் நிலைத்த சொல். இன்றைய அரசு வழக்கில் இதற்கு ஈடாக மாவட்ட ஆட்சியர், மாவட்ட ஆட்சித் தலைவர் என்னும் பெயர்கள் உள்ளன. ஆனால் பேச்சு வழக்கில் கலெக்டர்தான் நிற்கிறது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் "கலெக்டரைப் பார்த்து மனு கொடுக்கணும்" என்றால், அவர் எந்த அலுவலரைச் சொல்கிறார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'திரட்டுபவர்', இன்னும் பச்சையாகச் சொன்னால் 'வரி வசூலிப்பவர்' என்பதுதான் பலருக்கும் தெரியாது.

மானாவாரி நிலமாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் திரட்டுவதற்கு எப்போதும் அதிகம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட மண்ணில் 'திரட்டுபவர்' என்ற பெயரோடு ஓர் அதிகாரி வந்ததும், அந்தப் பெயர் மெல்ல மெல்லத் தன் பொருளை இழந்ததும் சொல்லாராய்ச்சியோடு நாட்டு வரலாறும் ஆகும்.

வேரும் கிளைகளும்

இலத்தீனில் 'லெகெரெ' என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்கு மூன்று பொருள்: ஒவ்வொன்றாகப் பொறுக்குதல், தேர்ந்தெடுத்தல், படித்தல். முதற்பொருள் பொறுக்குதலே. எழுத்துகளைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் படிப்பு என்ற எண்ணத்தில் மூன்றாவது பொருள் பிறந்தது. ஜெர்மானிய மொழியில் 'லேஸன்' என்னும் சொல்லும் இதே போலப் பொறுக்குதலையும் படித்தலையும் குறிக்கிறது. ஆனால் அது வேறு வேர். இரண்டு மொழிகள் தனித்தனியாக ஒரே எண்ணத்தை அடைந்திருக்கின்றன.

'லெகெரெ'யின் முன் 'ஒன்றாக' என்னும் பொருள்தரும் 'கொன்' சேர்ந்தபோது 'கொல்லிகெரெ' ஆயிற்று. ஒன்றுசேர்த்தல், திரட்டுதல் என்பது பொருள். இதன் இறந்தகால வடிவம் 'கொல்லெக்துஸ்'. அதைச் செய்பவர் 'கொல்லெக்தோர்'. நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தை ஆண்டபின் அங்கே வழங்கிய பிரெஞ்சில் இது 'கொலெக்தூர்' என வழங்கியது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோதே அதன் பொருள் வரி தண்டுபவர் என்பதுதான். அஞ்சல்தலை சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர் என்ற பொருளெல்லாம் பின்னால் வந்தவை.

இந்த வேரின் மற்றப் பிள்ளைகளையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 'லெக்சர்' என்றால் படித்துக் காட்டுதல். 'லெசன்' என்றால் படிக்கப்படுவது. 'லெஜெண்ட்' என்றால் படிக்கப்பட வேண்டியவை. 'செலக்ட்' தனியே பிரித்துப் பொறுக்குதல். 'எலெக்ட்' வெளியே எடுத்துப் பொறுக்குதல். 'நெக்லெக்ட்' பொறுக்காமல் விட்டுவிடுதல். 'இண்டெலிஜெண்ட்' என்பவர் பலவற்றின் நடுவே சரியானதைப் பொறுக்கத் தெரிந்தவர். தேர்தல் காலத்தில் கலெக்டரே மாவட்டத் தேர்தல் அலுவலராகவும் இருக்கிறார். அவருடைய பதவிப் பெயரும் 'எலெக்‌ஷன்' என்ற சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'காலேஜ்' என்பதையும் இதே குடும்பத்தில் நேரடியாகச் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு. அது 'கொல்லேகா' என்னும் உடனலுவலரைக் குறித்த சொல்லின் வழி வந்தது. உறவு இருந்தாலும் சற்றுத் தள்ளிய உறவு.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் வர்ரோ, விறகைக் குறிக்கும் 'லிக்னும்' என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே வந்தது என்று விளக்கினார். நிலத்தில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கிச் சேர்ப்பதுதானே விறகு. நெய்வேலியில் தோண்டியெடுக்கும் லிக்னைட்டின் பெயர் இந்த 'லிக்னு'மிலிருந்து வந்தது. பயறு வகைகளைக் குறிக்கும் 'லெகூமென்' என்ற சொல்லையும், அரிவாள் இல்லாமல் கையால் பறிப்பதால் அமைந்தது என்று அவர் இதே வேரோடு சேர்த்தார். இன்றைய அறிஞர்கள் விறகை ஏற்கிறார்கள். பயறு பற்றி ஐயப்படுகிறார்கள். எப்படியாயினும் கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் நெற்றுப் பறிப்பதைக் கண்டவர்களுக்கு வர்ரோவின் விளக்கம் அந்நியமாகத் தோன்றாது.

கம்பெனியின் கையில்

1765இல் வங்காளத்தில் வரி தண்டும் உரிமையான திவானி கம்பெனிக்குக் கிடைத்தது. முதலில் மேற்பார்வையாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அவர்களுக்குக் கலெக்டர் என்று பெயர் மாற்றப்பட்டது. மறைக்க ஒன்றும் இல்லாத பெயர் அது. வணிகக் கம்பெனி ஒன்று தனக்கு வரவேண்டிய பணத்தைத் திரட்ட ஓர் ஆளை வைத்தது, அந்த ஆளை அந்த வேலையின் பெயராலேயே அழைத்தது.

சென்னை மாகாணத்தில் 1786இல் வருவாய் வாரியம் அமைந்தது. 1792இல் பாராமகால், சேலம் பகுதிக்கு அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார். அவருக்கு உதவியாக இருந்தவர்தான் பிற்காலத்தில் மாகாணத்தின் ஆளுநரான தாமஸ் மன்றோ. அதே 1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் தென்பாண்டிப் பாளையங்களில் பேஷ்குஷ் தண்டும் உரிமை கம்பெனிக்கு வந்தது. பேஷ்குஷ் என்பது பாரசீகச் சொல். 'முன்னே கொண்டுவந்து வைக்கும் காணிக்கை' என்பது அதன் பொருள். கட்டாயமாக வாங்கும் பணத்துக்குக் காணிக்கை என்று பெயரிடுவது எல்லா ஆட்சிகளுக்கும் பிடித்தமான வழக்கம்.

1795இல் இராமநாதபுரம் சேதுபதி முத்துராமலிங்கர் பதவி நீக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளியில் சிறை வைக்கப்பட்டார். சேது நாடு கலெக்டரின் நேரடி நிருவாகத்தில் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் மக்கள் கலெக்டர் என்ற சொல்லைக் காதால் கேட்கத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான் என்று கொள்ளலாம்.

அவர்கள் அறிந்த தொடக்கக் காலக் கலெக்டர்களில் ஒருவர் காலின் ஜாக்சன். 1798இல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனிடம் நிலுவைப் பேஷ்குஷ் கேட்டு அவரைத் தம்மிடம் வரச் சொன்னார். வந்தவரைப் பார்க்காமல் ஊர் ஊராக அலைய விட்டார். குற்றாலத்தில் தொடங்கிச் சொக்கம்பட்டி, சேத்தூர், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று அந்தப் பயணம் நீண்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில் முடிந்தது. பாவாலிக்கும் கமுதிக்கும் நடுவே கிடப்பது அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைதான். முன்னால் கலெக்டரின் கூடாரங்களும் பின்னால் பாளையக்காரரின் ஆட்களுமாக இந்த மண்ணைக் கடந்து போயிருக்கிறார்கள். இராமநாதபுரத்தில் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கோட்டை வாயிலில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை ஜாக்சனின் நடத்தையைக் குறை கண்டது. அவர் விலக்கப்பட்டார், லூஷிங்டன் அந்த இடத்துக்கு வந்தார்.

1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தால் ஜாக்சன் துரையின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்தப் படத்தின் உரையாடல் நாடகத்துக்காக எழுதப்பட்டது, ஆவணங்களில் உள்ள பேச்சு அல்ல. ஆனால் ஒரு செய்தியில் படம் வரலாற்றுக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. அங்கே நடக்கும் வாக்குவாதம் முழுவதும் வரிப்பணம் பற்றியதே. கலெக்டர் என்ற சொல்லின் அகராதிப் பொருளை இதைவிட நன்றாக விளக்கும் காட்சி இல்லை.

லூஷிங்டன் காலத்திலும் அமைதி இல்லை. 1799இல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூரில் கிளர்ச்சி வெடித்தது. முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஆகிய ஊர்களில் இருந்த கம்பெனியின் கச்சேரிகளும் கிடங்குகளும் தாக்கப்பட்டன. கிளர்ச்சிக்காரர்கள் குறிவைத்த இடங்களைக் கவனிக்க வேண்டும். அவை திரட்டிய பொருளைச் சேர்த்து வைத்த இடங்கள். அதே ஆண்டு அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஸ்டீபன் ரம்போல்ட் லூஷிங்டன் பின்னாளில், 1827இல், சென்னை மாகாண ஆளுநராகவே திரும்பி வந்தார்.

ஜமீன் காலம்

1803இல் சேது நாடு நிலையான ஜமீனாக மங்களேசுவரி நாச்சியாருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் கலெக்டர் குடியானவரிடம் நேராகத் தண்டவில்லை. ஜமீன் தண்டியது, தண்டியதில் ஒரு தொகையைக் கலெக்டரிடம் கட்டியது. பெரும்பாலும் நஞ்சைக்கு விளைச்சலில் வாரம், புஞ்சைக்குப் பணம். வார முறையில் களத்தில் கிடக்கும் பொலியை, ஜமீன் ஆட்கள் வந்து அளந்து பங்கு பிரிக்கும் வரை உழுதவர் வீட்டுக்கு அள்ள முடியாது. மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் அளவுக்காரர் வரவேண்டும். இந்த முறை 1948ஆம் ஆண்டின் எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தது.

அப்படித் திரண்ட பணம் எங்கே போனது என்பதற்கு ஒரே விடை இல்லை. வழக்குச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் போனது உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் உள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தாராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர் (1867-1911). 1901 செப்டம்பர் 14இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர். சங்கம் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தது, 'செந்தமிழ்' இதழை நடத்தியது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' என்னும் கலைக்களஞ்சியம் 1910இல் அச்சேறியதும் இவருடைய ஆதரவால்தான். கரிசல் புஞ்சைகளிலிருந்து தண்டிய பணம், சுவடிகளாகவும் அகராதியாகவும் மறுபடி திரண்டது. 'லெகெரெ' என்ற இலத்தீன் வேரின் இரு பொருளும், பொறுக்குதலும் படித்தலும், பாலவநத்தத்தில் சந்தித்தன எனலாம். அதற்காக வாரம் அளந்த களங்களை மறந்துவிட வேண்டும் என்பதில்லை.

அரபு உறவினர்கள்

கலெக்டருக்குக் கீழே வட்டத்தில் இருப்பவர் தாசில்தார். 'தஹ்சீல்' அரபுச் சொல், 'தார்' பாரசீக விகுதி. தஹ்சீல் என்றால் திரட்டுதல், பெறுதல். ஆகவே தாசில்தார் என்றாலும் கலெக்டர் என்றாலும் சொற்பொருள் ஒன்றே. முகலாயர் வைத்த பெயர் ஒரு படி கீழே இறங்கிற்று, ஆங்கிலேயர் வைத்த பெயர் மேலே உட்கார்ந்தது. தஹ்சீல் என்னும் சொல் கல்வி பெறுதலையும் குறிக்கும். திரட்டுவதும் படிப்பதும் அங்கேயும் ஒன்றாகவே கிடக்கின்றன.

இதைவிடச் சுவையான உறவு ஒன்று உண்டு. உழவர்கள் அன்றாடம் வழங்கும் 'மகசூல்' என்ற சொல்லும் தாசிலும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. நிலத்திலிருந்து உழவர் பெறுவது மகசூல். உழவரிடமிருந்து அரசு பெறுவது தாசில். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது உழவருக்குத் தெரியாவிட்டாலும், இரண்டாவது முதலாவதைப் பொறுத்தது என்பது நன்றாகத் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் மகசூல் இல்லை, தாசில் மட்டும் நின்றது.

ஆண்டுதோறும் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. 'ஜமா' என்றால் அரபியில் திரட்டியது, கூட்டுத்தொகை. 'பந்தி' பாரசீகத்தில் கட்டுதல், ஒழுங்குசெய்தல். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அது முடிவதற்கு முன் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து முடிப்பது ஜமாபந்தி. பசலி என்பதும் அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் 'பஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஒரு தாலுகா அலுவலகத்தில் கலெக்டர் வந்து, தாசில்தார் உடனிருக்க, ஜமாபந்தி நடத்துகிறார் என்றால், அந்த ஒரே வாக்கியத்தில் 'திரட்டுதல்' மூன்று முறை வந்துவிடுகிறது.

'வசூல்' மட்டும் சற்று மாறுபட்டது. அரபியில் அதற்கு வந்துசேர்தல் என்று பொருள். ஆங்கிலத்தின் 'ரெவின்யூ' பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'திரும்பி வருதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழில் வருவாய். மூன்று மொழியிலும் பணம் தானாக நடந்து வந்தது போன்ற தோற்றம். கலெக்டர், தாசில்தார் என்ற பெயர்கள் இதைவிட நேர்மையானவை. பணத்தைக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும் என்பதை அவை ஒத்துக்கொள்கின்றன.

தமிழ்ப் பெயர்கள்

தமிழில் இந்தத் தொழிலுக்குச் சொல் இல்லாமல் இல்லை. வரியை வாங்குவதற்குத் தண்டுதல் என்று பெயர். இன்றும் சென்னைப் பக்கம் நாள்தோறும் வந்து தவணை வாங்கும் கடனைத் தண்டல் என்கிறார்கள். சுங்கத்துக்கு உல்கு, ஆயம் என்ற சொற்கள் உண்டு. தமிழ் வேதாகமத்தில் வரி வசூலிப்பவர் 'ஆயக்காரர்' எனப்படுகிறார்.

கலெக்டர் என்பதைத் தமிழாக்க முயன்றவர்கள் 'தண்டல் நாயகர்' என்றும் எழுதினார்கள். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு அது. ஆனால் நிலைக்கவில்லை. காதில் விழும்போது தண்டனையை நினைவூட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். முக்கியமான காரணம் வேறு. அந்தப் பெயர் எழுதப்பட்ட காலத்துக்குள் கலெக்டரின் வேலையே மாறிவிட்டது. 'ஆட்சியர்' என்ற பெயர் அவர் இன்று செய்வதைச் சொல்கிறது, அவர் எதற்காக வந்தார் என்பதைச் சொல்வதில்லை. வரலாறு படிக்கும் மாணவர் இரண்டு பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் இதே பதவி துணை ஆணையர் என்றும், உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட நடுவர் என்றும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் என்பார்கள்.

தமிழின் 'தொகை' என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். தொகு என்னும் வினையிலிருந்து பிறந்தது. வரித்தொகை, நிலுவைத்தொகை என்று பணத்தைக் குறிக்கிறது. எட்டுத்தொகை என்று பாடல் திரட்டையும் குறிக்கிறது. ஐரோப்பாவில் 'லெகெரெ'யோடு ஒரே மூலம் கொண்ட கிரேக்க வினை 'லெகெயின்'. பூக்களைப் பொறுக்கிச் சேர்த்தல் என்ற பொருளில் அதிலிருந்து வந்ததுதான் பாடல் திரட்டைக் குறிக்கும் 'ஆந்தாலஜி'. அதாவது கலெக்டரும் ஆந்தாலஜியும் தூரத்து உறவினர்கள். தமிழ் அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

திரட்டுதல் எப்போதும் மேலிருந்துதான் நடக்கும் என்பதில்லை. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமை இதற்குச் சான்று. அந்தப் பொது நிதியிலிருந்து பேட்டைகளும் கோவில்களும் பள்ளிகளும் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. இங்கே திரட்டியவருக்குப் பதவிப் பெயர் எதுவும் இல்லை. கொடுத்தது எங்கே போகிறது என்பது கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளிக்குள் அந்தக் காலத்தில் யாரெல்லாம் நுழைய முடிந்தது என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

பெயர் நின்றது, வேலை மாறியது

1876-78 தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியா முழுவதையும் வாட்டியது. அதன்பின் 1880இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் குழுவின் பரிந்துரையால் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. மழைக்கணக்குப் பார்ப்பது, நிவாரண வேலை திறப்பது, கஞ்சித்தொட்டி நடத்துவது எல்லாம் கலெக்டரின் கடமைகளாயின. திரட்டுபவர் கொடுப்பவராகவும் ஆனார். வானம் பார்த்த பூமியில் இந்த இரண்டாவது வேலைதான் மக்களுக்கு முக்கியமாயிற்று.

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதில் சேர்ந்தன. விந்தை என்னவென்றால், அந்த மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது. தம் மாவட்டத்துக் கலெக்டரைப் பார்க்க இன்னொரு மாவட்டத்துக்குப் போக வேண்டிய நிலை. பஸ் இல்லாத காலத்தில் ஒரு மனு கொடுப்பதற்குத் திருச்சுழிக்காரர் எத்தனை நாள் செலவழித்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1985 மார்ச் 15இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இப்பகுதி காமராசர் மாவட்டத்தில் சேர்ந்தது. விருதுநகர் தலைமையிடமானது. 1997இல் மாவட்டத்தின் பெயரும் விருதுநகர் என மாறியது.

நிலவரி இன்று அரசின் வருவாயில் மிகச் சிறிய பங்கு. கிஸ்தி கட்டவில்லை என்று யாரும் கலெக்டருக்குப் பயப்படுவதில்லை. திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர் நாளில் அவர் வாங்குவது மனுக்களை. பயிர்க் காப்பீட்டுத் தொகை வரவில்லை, கண்மாயில் ஆக்கிரமிப்பு, பட்டாவில் பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை என்று அவை பலவகை. "படிச்சுக் கலெக்டர் ஆகணும்" என்று பிள்ளையை வாழ்த்தும் பாட்டிக்கும், "பெரிய கலெக்டரு உத்தியோகம்" என்று நக்கலடிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தச் சொல்லில் வரி என்ற நினைவே இல்லை. சினிமாவின் 'கலெக்‌ஷன்', ரயிலின் 'டிக்கெட் கலெக்டர்' ஆகியவற்றில் மட்டும் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது.